புத்தகத்தில் மாற்றிய ஆயில்

அந்தப் பேப்பர அப்படி டேபிள் மேல வைம்மா. ஃபேன் காத்துக்குப் பறக்கும், என் மூக்குக் கண்ணாடிப் பொட்டிய அது மேல வெச்சிடு. படிக்கறன், படிக்காம எங்க போவப்போறன்? இடுப்பு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசமாச்சு. இந்த வாக்கரப் புடிச்சிகினு இந்தப் பக்கம் பாத்ரூம், அந்தப் பக்கம் பால்கனி. அதுக்கு மேல எனக்கு உலகம் கெடையாது. மாடிப்படில காலே வெக்கக் கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு.

பொன்னுரங்கம் பொண்ணா நீ? யமுனாவா? மூக்கு அப்படியே அவன் மூக்கு. சரி, உக்காரு.

அவனும் வந்திருக்கானா? எங்க, கீழயா? ஆட்டோவுலயா? ஆமா ஆமா, பாதிப் பாதத்த வெச்சிகினு இந்தச் செங்குத்துப் படிய எங்க ஏறுவான். அவனால ஏற முடியாது, என்னால எறங்க முடியாது. நல்ல ஜோடி. உக்காந்திருக்கட்டும். இருவத்தேழு வருஷம் எட்டிப் பாக்காதவன், இன்னும் பத்து நிமிஷம் உக்காந்தா ஒண்ணும் கொறஞ்சிட மாட்டான்.

என்ன கேட்டிருக்காங்க? "மேற்படி வாகனத்தின் இன்ஜின் ஆயில் கடைசியாக எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, எந்த கிரேடு ஊற்றப்பட்டது என்பதைத் தாங்கள் அறிந்தவரை..." வக்கீல் எழுதினதா? நல்லா எழுதறாரு. காலுக்கான பென்ஷன் கேஸ்ல, அது டியூட்டியில போன காலா, அவனோட அலட்சியத்தால போன காலான்னு முடிவு பண்ண இது வேணும். புரியுது. ஒரு தேதி, ஒரு கிரேடு, கீழ என் கையெழுத்து. அவ்வளவுதான்ற.

அவ்வளவுதான்னு சுலபமா சொல்லிட்ட. ஆயிலப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கோச்சிக்காத, கேக்கறன். ஸ்கூட்டி வெச்சிருக்கியா? கடைசியா எப்ப ஆயில் மாத்தின? பாத்தியா, தெரியாதுன்ற. சர்வீஸுக்கு விட்டா அவன் பாத்துப்பான்னு நெனைக்கற. எல்லாரும் அப்படித்தான். அவன் பாத்துப்பான், அவன் பாத்துப்பான். அந்த அவன் யாரு? நான். இருவத்திரண்டு வருஷம் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புல அந்த அவன் நான்தான். ஹவில்தார் ஆதிமூலம், வெஹிக்கிள் மெக்கானிக். மேஜர்ல இருந்து சமையக்காரன் வரைக்கும் வண்டியில ஏறி உக்காந்தா, இன்ஜினுக்குக் கீழ சம்ப்புல, அதான் ஆயில் தொட்டியில, என்ன ஊத்தியிருக்குன்னு ஒருத்தன் கேட்டது கெடையாது. ஆதிமூலம் பாத்திருப்பான்.

கேட்டவன் ஒருத்தன்தான். உங்கப்பன்.

இரு, வரிசையா சொல்றன். இதெல்லாம் தெரியாம கையெழுத்து வாங்கிட்டுப் போயி நீ என்ன பண்ணப்போற? ஆயில்ல நம்பர் இருக்குது. நாப்பது நம்பர் ஆயில் கெட்டி. கீழ, நம்ம ஊரு மாதிரி வெயில் எடத்துல, இன்ஜின் கொதிக்கறப்பகூட அது நீத்துப் போவாது, நின்னு வேலை செய்யும். ஆனா அதையே கொண்டுபோயி லடாக்குல பனியில வெச்சன்னா ஆறிப்போன வெல்லப்பாகுதான். பம்ப்பு இழுக்கவே இழுக்காது. அங்கல்லாம் லேசான ஆயில் ஊத்தணும், விண்டர் கிரேடு. டப்பா மேலயே பத்து டபிள்யூன்னு போட்டிருக்கும். ராத்திரி முழுக்க வண்டி பனியில நின்னாலும் காலையில கெளப்பினா சரசரன்னு மேல ஏறிடும்.

அப்புறம் கெடு. கீழ பிளெயின்ஸ்ல இத்தனை ஆயிரம் கிலோமீட்டர்னு ஒரு கணக்கு. மேல அந்தக் கணக்கு செல்லாது. ஏன்? மேல வண்டி நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓடிகினு கெடக்கும், குளுருக்கு. மீட்டர் ஒரு முள்ளு நகராது. உள்ள ஆயில் மட்டும் கறுத்துத் தாராயிடும். மீட்டரப் பாத்து மாத்தறவன் மெக்கானிக் இல்ல, கிளார்க்கு. நான் விரல்ல தொட்டுப் பாத்து மாத்துவன். கட்ட விரல்லயும் இந்த விரல்லயும் இப்படித் தேச்சா தெரிஞ்சிடும். இதுல என்னய யாரும் கொற சொல்ல முடியாது. உங்கப்பனையே கேளு.

தொண்ணூத்தெட்டாம் வருஷம், அக்டோபர் மாசம். பதினாலு மூணு டன் லாரி கீழ இருந்து மேல வந்துச்சு. எல்லாத்துலயும் நாப்பது நம்பர். வந்த ஒடனே வடிச்சிட்டு விண்டர் கிரேடு மாத்தணும், அது சட்டம். நான் ரெடி. ஆளுங்க ரெடி. ஆயில் எங்க? ஆயில் பேரல் வர்ற வண்டி வழியில மண்ணு சரிஞ்சி மாட்டிகிச்சு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு நாலு நாள் போச்சு. அதுக்குள்ள பிரிகேடியர் இன்ஸ்பெக்‌ஷன் வந்துடுச்சு.

இதுல என் தப்பு எங்க? நீயே சொல்லு. மண்ணு சரிஞ்சதுக்கு நான் என்ன பண்றது?

எங்க சுபேதார் சாப் வந்தாரு. பிரிகேடியர் புத்தகம் கேப்பாரு, ஒரு வண்டி பாக்கி இருந்தாலும் யூனிட் பேரு கெட்டுடும், எழுதி வைன்னாரு. ஆயில் வந்ததும் ஊத்திக்கலாம், எழுதறத முன்னாடி எழுதிடுன்னாரு. இது புதுசு இல்லம்மா. எல்லா ஒர்க்‌ஷாப்லயும் உண்டு. பிரிகேடியர் படுத்துகினு போயி சம்ப்பத் தெறந்து பாக்க மாட்டாரு, புத்தகத்தத்தான் தெறப்பாரு. அதனால மொதல்ல புத்தகம், அப்புறம் வண்டி. பதினாலு லாக் புக்குலயும் எழுதினன். தேதி, கிரேடு, என் கையெழுத்து. கதவு உள்பக்கம் சின்னத் தகடு ஒண்ணு இருக்கும், அதுலயும் பெயிண்ட்டால எழுதினன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பிரிகேடியர் பொரட்டிப் பாத்துட்டு வெரி குட்னாரு. எனக்கே கையக் குடுத்தாரு.

மறுநாள் காலையில பதினோரு மணிக்கு ஆயில் வந்துடுச்சு. பதினோரு மணி. ஞாபகம் வெச்சிக்க. சாயங்காலத்துக்குள்ள பதிமூணு வண்டி மாத்திட்டன். டீகூட குடிக்கல. கை வெறச்சி, ஸ்பேனர் புடிக்க முடியல, விடல. பதிமூணு வண்டி. அத யாரும் சொல்ல மாட்டாங்க.

பதினாலாவது உங்கப்பன் வண்டி. அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே மலை மேல காவல் போஸ்ட்டுக்கு ரேஷன் ஏத்திகினு கெளம்பிட்டான்.

ஆமா, நான் அங்கதான் இருந்தன். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல. எட்டு வருஷப் பழக்கம்மா எனக்கும் அவனுக்கும். ஒரே பக்கத்து ஆளுங்க, அவன் ஒடுகத்தூரு, நான் காட்பாடி. லீவுல வந்தா ஒரே ரயில். அவன் சோத்துல எனக்குப் பங்கு, என் சிகரெட்டுல அவனுக்குப் பங்கு. அன்னிக்கு அவன் சந்தோஷத்துல இருந்தான். நீ பொறந்து ஆறு மாசம். மூஞ்சியப் பாக்கல. லீவு சாங்ஷன் ஆயிடுச்சு, இந்த ஒரு டிரிப் முடிச்சா ஊருக்கு. வண்டியில ஒரு காலை வெச்சிகினே கேட்டான், "ண்ணா, ஆயில் மாத்தியாச்சாண்ணா?"

நான் என்ன சொன்னன்? இத நல்லா கவனி. மாத்திட்டன்னு நான் சொல்லல. சத்தியமா சொல்லல. "புத்தகத்தப் பாருடா"ன்னன். அவ்வளவுதான். அவன் பாத்தான். என் கையெழுத்து இருந்துச்சு. கீழ டிரைவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம், அதுல அவனும் போட்டான். சிரிச்சிகினே போட்டான். வாயத் தெறந்து நான் ஒரு பொய் சொன்னதில்லம்மா என் சர்வீஸ்ல.

நிறுத்தியிருக்கலாமேன்ற. என்னான்னு சொல்லி நிறுத்தறது? நேத்து பிரிகேடியர் வெரி குட் சொன்ன புத்தகம் பொய்யின்னா? சுபேதார் சாப் நாலடி தள்ளி நிக்கறாரு. வெயிலு பளிச்சுன்னு அடிக்குது, மேகம் ஒரு பொட்டு இல்ல. போயிட்டு மறுநாள் மதியம் வந்துடுவான், வந்ததும் மொத வேலையா அவன் வண்டிய மாத்திடலாம்னுதான் நெனச்சன். நெனச்சனா இல்லயா? அவன் வண்டிக்குன்னு பதினாறு லிட்டர் தனியா டின்னுல எடுத்து, மேல அவன் நம்பர் எழுதி வெச்சன். அத எவனாவது என்கொயரில கேட்டானா?

போஸ்ட்டுல அவன் ராத்திரி இன்ஜின நிறுத்திட்டான். நிறுத்தலாம், விண்டர் கிரேடா இருந்தா நிறுத்தலாம். நாப்பது நம்பர்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டான். நல்ல டிரைவர் அவன். விடிய விடிய ஓட விட்டிருப்பான், ரெண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து பாத்திருப்பான். தெரிஞ்சிருந்தா.

காலையில பனி வந்துடுச்சு. அந்த வருஷம் மூணு வாரம் முன்னாடியே வந்துடுச்சு. செல்ஃப் அடிச்சிருக்கான், சுத்தல. சரிவுல விட்டுக் கெளப்பியிருக்கான். கெளம்பிடுச்சு. ஆனா ஆயில் மேல ஏறலயே. மூணு கிலோமீட்டர். கணவாய் நடுவுல பேரிங் புடிச்சி, இன்ஜின் ஒரேயடியா இறுகி நின்னுடுச்சு. பின்னாடியே ரோடு மூடிகிச்சு. வண்டிய அங்கயே விட்டுட்டு நடந்திருந்தா அன்னிக்கே போஸ்ட்டுக்குத் திரும்பியிருப்பான், கால் தப்பியிருக்கும். அவன் விடல. சர்க்கார் வண்டி, என் பேருல எழுதிக் குடுத்த வண்டின்னு உள்ளயே ரெண்டு நாள் உக்காந்திருந்தான். பூட்ஸ் நனைஞ்சி போயி, எடது கால்ல ஒணர்ச்சியே இல்ல. பனி வெட்டற வண்டி போனப்ப ஸ்டியரிங்கப் புடிச்சிகினே இருந்தானாம்.

தண்ணி குடிக்கறியா? அந்த ஜக்குல இருக்குது. எனக்கும் கொஞ்சம் ஊத்து.

வண்டிய இழுத்துகினு எங்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தாங்க. வேற எங்க வருவாங்க? இன்ஜின் பிரிக்கணும்னா மொதல்ல ஆயில வடிக்கணும், அது முறை. நான்தான் வடிச்சன். கழிவு ட்ரம்முல ஊத்தினன். ஊத்தாம என்ன, கும்புடவா முடியும்? பதிமூணு வண்டியில வடிச்ச ஆயிலும் அதே ட்ரம்முலதான் இருந்துச்சு. ட்ரம்முக்குள்ள போயிட்டா எல்லாம் ஒரே கறுப்புதான், எது எந்த வண்டின்னு எவனும் சொல்ல முடியாது. முறைப்படிதான் பண்ணன்.

என்கொயரி வெச்சாங்க. எங்கிட்ட கேட்டாங்க, எந்த கிரேடுன்னு. புத்தகத்துல இருக்கறபடின்னன். புத்தகத்த எடுத்துப் பாத்தாங்க, விண்டர் கிரேடு, தேதி, மெக்கானிக் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து. எல்லாம் சரி. அப்ப இன்ஜின் ஏன் புடிச்சிது? டிரைவர் சூடு பண்ணாம சரிவுல விட்டுக் கெளப்பினான். அலட்சியம். எழுதிட்டாங்க. ஆஸ்பத்திரில போயி அவன்கிட்டயும் வாக்குமூலம் வாங்கினாங்க. ஆயில்ல சந்தேகம் இருக்கான்னு கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஹவில்தார் ஆதிமூலம் மாத்தினா மாத்தினதுதான் சாப், அவரு தப்பா எழுத மாட்டாருன்னான். அவன் வாயால சொன்னதும்மா. ரெக்கார்டுல இருக்குது. அத மீறி நான் போயி என்னத்தச் சொல்றது?

அப்ப நான் நெனச்சன், அவனுக்குத் தெரியும்னு. டிரைவருக்குத் தெரியாதா? ஆயில் அளக்கற கம்பி, அந்த டிப்ஸ்டிக்கத் தொட்டுப் பாத்திருப்பான். தெரிஞ்சிகினேதான் என்னக் காப்பாத்தினான், கூடப் பழகினதுக்கு. சரி, பெரிய மனசுன்னு இருந்துட்டன். அப்புறம் என்ன ஆச்சு? லெட்டர் போட்டன், பதில் இல்ல. என் பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பிச்சன், வரல. பொங்கலுக்குப் பொங்கல் கார்டு அனுப்பினன். ஒரு போன்கூட இல்ல. காப்பாத்தினவன் எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கணும்? எனக்கு மட்டும் நஷ்டம் இல்லயா? நாயப் சுபேதார் ப்ரமோஷன் லிஸ்ட்ல மூணாவது பேரு என் பேரு. அந்த என்கொயரி முடியற வரைக்கும்னு நிறுத்தி வெச்சாங்க, முடிஞ்சி வந்தப்ப வயசு தாண்டிடுச்சு. ஹவில்தாராவே வீட்டுக்கு வந்தன். இந்தத் தெருவுல என்னய சுபேதார்னு ஒருத்தன் கூப்புடறான், வேணும்னே கிண்டலுக்கு. என் கஷ்டத்துக்கு யாராவது பேப்பர் எடுத்துகினு வந்தாங்களா?

இப்ப எதுக்கு வந்திருக்கான் அவன்? நீ கேக்கற கையெழுத்து சரி. அவன் எதுக்கு? என் மூஞ்சியில துப்பறதுக்கா?

என்ன? சரியா சொல்லு.

மன்னிப்பா? நான் கேக்கணும்ன்றானா?

அவனா? அவன் எங்கிட்டயா?

எதுக்கு? என் ப்ரமோஷன் போனதுக்கா? அவன் அவசரத்தால என் பேரு கெட்டுச்சுன்னா? இரும்மா, மெதுவா சொல்லு. அதனாலதான் லெட்டருக்குப் பதில் போடலயா? என் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுகினா?

அப்ப அவனுக்குத் தெரியவே தெரியாதா? ஆயில் மாத்தலன்னு?

தெரியாது. இருவத்தேழு வருஷமா தெரியாது. இன்னும் அந்தச் சரிவுல விட்டுக் கெளப்பினதத்தான் சொல்லிகினு இருக்கானா? இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தா, அடுப்பு மூட்டி சம்ப்பச் சூடு பண்ணியிருந்தா வண்டி நின்னிருக்காதுன்னு. திரும்ப ஸ்டியரிங்கயே தொடலயா? வாழக்கா மண்டியில வாட்ச்மேனா? அவனா? அந்த மலையில ஒத்தக் கையில ரிவர்ஸ் எடுப்பாம்மா அவன்.

அழாத. நீ எதுக்கு அழற?

யாரு சொன்னாங்க அப்படி? உங்க வீட்லயா? உன்னப் பாக்கற அவசரத்துலதான் அவன் கால் போச்சுன்னா? சின்னப் புள்ளையில இருந்தே கேட்டு வளந்தியா? விளையாட்டுக்குச் சொன்னாங்களா, நெஜமாவா? ரெண்டும் ஒண்ணுதான், ஆமா.

நீ பொறந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. சூடு பண்ணானா இல்லயான்றது இல்ல, நாப்பது நம்பர் ஆயில வெச்சிகினு ராத்திரி வண்டிய நிறுத்தியிருக்கவே கூடாது. நிறுத்தினது புத்தகத்த நம்பி. புத்தகத்த எழுதினது நான்.

பேனா குடு.

தேதின்னு போட்டிருக்கற எடத்துல என்ன எழுதறது? "மாற்றப்படவில்லை." கிரேடு, நாப்பது. பழைய ஆயில். பொய்யாக எழுதியவன் நான். இந்தா, கையெழுத்து. எழுத்து பழைய மாதிரி முத்து முத்தா இல்ல. வக்கீல் எங்க கூப்புட்டாலும் வந்து சொல்றன்னு சொல்லு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிகினு போகட்டும், சொல்றன்.

ஒண்ணு மட்டும் கேக்கறன் யமுனா. இத அவன்கிட்ட காட்டாத. கோர்ட்டுக்குக் குடு, கலெக்டருக்குக் குடு, பேப்பர்ல வேணாலும் போடு. அவன் மட்டும் பாக்க வேணாம். ஆதிமூலம் தப்பா எழுத மாட்டான்னு நெனைக்கறவன் இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான் மிச்சம். என் பையனே நான் சொல்றத நம்ப மாட்டான். அவன் ஒருத்தனாவது அப்படியே நெனச்சிட்டுப் போகட்டுமே.

ஏன் அப்படிப் பாக்கற?

சரி. தெரியுது. நான் இப்ப என்ன கேட்டன்னு எனக்கே தெரியுது. எனக்கு நல்ல பேரு வேணும்னு அவன் சாவற வரைக்கும் தன்னத்தானே திட்டிகினு கெடக்கணும், நீயும் அதச் சொமக்கணும். பாரு, எழுவத்தொரு வயசாகியும் புத்தி எங்க போவுதுன்னு பாரு. களைப்பா இருக்குதும்மா. இந்த ஒண்ணத் தூக்கிகினு திரிஞ்சே களைச்சிட்டன்.

நீ சொல்லாத. உன் வாயால அவன் கேக்கக் கூடாது. அந்த வாக்கர இப்படித் தள்ளு. தோளக் குடு, அவ்வளவுதான், மெதுவா. கதவத் தெற. படிதான் எறங்கக் கூடாது, பால்கனி வரைக்கும் போகலாம்.

எங்க? அந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமா? தலையெல்லாம் நரைச்சிப் போச்சே. பொன்னுரங்கம்! டேய், மேல பாருடா! நான்தாண்டா! எழுந்துக்காத, உக்காரு, உக்காரு. கேளு! ஆயில் மாத்தலடா! உன் வண்டிக்கு நான் ஆயில் மாத்தல! புத்தகத்துல பொய் எழுதினன்! உன் தப்பு இல்லடா! கேக்குதா?

கடக்காரங்கல்லாம் பாக்கறாங்க. பாக்கட்டும்.

சிரிக்கறாம்மா. கை ஆட்டறான். பாரு, என்னயக் கும்புடறான். காதுல விழல. ஆட்டோக்காரன் வண்டிய நெழலுக்கு நவத்தறதுக்கு இப்பதான் ஸ்டார்ட் பண்ணியிருக்கான், பாழாப்போன டீசல் ஆட்டோ, அந்தச் சத்தத்துல ஒண்ணும் விழல.

கீழ போம்மா. போயி அந்த ஆட்டோக்காரன இன்ஜின நிறுத்தச் சொல்லு. அவன்கிட்ட நீ ஒண்ணும் பேசாத, நிறுத்தச் சொல்லு, போதும். நான் இங்கயே நிக்கறன்.